கண்ணாடி வாங்குமுன் கையைப் பாருங்கள்

பழைய கூலிங் கிளாஸ் சேர்க்கிறவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதல் பேச்சு லென்ஸைப் பற்றித்தான் இருக்கும். பச்சையா, பழுப்பா, கீறல் உண்டா, ஒரிஜினலா என்று. அப்புறம் ஃப்ரேமின் நிறம். காதில் மாட்டும் கையைப் பற்றிக் கடைசியில், அதுவும் உடைந்திருந்தால்தான் பேசுவார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. லென்ஸ் கீறினால் வேறு போட்டுக்கொள்ளலாம். மூக்குத் தாங்கி போனால் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். கை தளர்ந்துவிட்டால், வெடித்துவிட்டால், அந்தக் கண்ணாடியை அதற்கப்புறம் யாரும் போட மாட்டார்கள். போலியா நிஜமா என்பதையும் பாதிக்கு மேல் கைதான் சொல்லிவிடும்.

நான் மெடிக்கல் ரெப். வீடு செம்பூரில். குர்லா, காட்கோபர், கோவண்டி, மான்குர்த் என்று பகல் முழுக்க ஸ்கூட்டரில்தான் போகிறேன். ஹெல்மெட்டுக்குள் கண்ணாடி, கிளினிக் வாசலில் கழற்றல், வெளியே வந்ததும் மறுபடி மாட்டல். ஒரு கையில் சாம்பிள் பை இருக்கும் என்பதால் பெரும்பாலும் ஒற்றைக் கையால்தான் எல்லாம். மும்பைப் புழுக்கத்தில் பத்து மணிக்கே காது மடலுக்குப் பின்னால் வியர்வை ஓடத் தொடங்கிவிடும். ஒரு கண்ணாடிக் கை நல்லதா கெட்டதா என்று பார்க்க இதைவிடக் கடுமையான சோதனை வேண்டியதில்லை. என்னிடம் இருப்பவை எல்லாமே போட்டுக்கொள்ள வாங்கியவை. அவற்றின் கைகளைத்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

முதலில் ரே-பான் அவுட்டோர்ஸ்மேன். பாஷ் அண்ட் லாம் கம்பெனி அமெரிக்காவில் செய்த காலத்துச் சரக்கு. ஏவியேட்டர் என்ற விமானி மாடலின் அண்ணன் தம்பி வகை. நெற்றிப்பக்கம் ஒரு குறுக்குப் பட்டை கூடுதலாக இருக்கும். என்னுடையதில் கேபிள் கை. அதாவது கையின் பின்பாதி, மெல்லிய கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றிச் செய்த வளையும் கொக்கி. காது மடலைச் சுற்றி அடிவரை வந்து பிடித்துக்கொள்ளும். குதிரை ஏறுகிறவர்கள், துப்பாக்கி சுடுகிறவர்கள் குனிந்தாலும் குலுங்கினாலும் கண்ணாடி விழக் கூடாது என்று வந்த வடிவம் இது. உட்புறத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் 1/10 12K GF என்று பொடி எழுத்தில் தெரியும். மேலே போர்த்தியிருப்பது 12 காரட் தங்கத் தகடு, அது எடையில் பத்தில் ஒரு பங்கு என்று அதற்குப் பொருள். மேலே பூசிய முலாம் அன்று, ஒட்டி உருட்டிய தகடு. அதனால்தான் அத்தனை வருஷம் கழித்தும் மஞ்சள் பளிச்சென்று நிற்கிறது.

அழகில் இதை மிஞ்ச ஒன்றும் கிடையாது. கையை விரலில் வைத்து மெதுவாக நிமிர்த்திவிட்டால், ஒவ்வொரு சுருளாக மடங்கித் தன் வளைவுக்குத் திரும்பிப் போகும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் ஹெல்மெட் போட்டபின் இதை மாட்டவே முடியாது. கண்ணாடியை முதலில் மாட்டி, ஹெல்மெட்டை மேலே இழுத்தால் கொக்கி காதின் பின்புறத்தை அறுக்கும். ஒற்றைக் கையால் கழற்றுவது நடக்காத காரியம். இன்னொரு தொல்லை வியர்வை. சுருள்களுக்கு நடுவே உப்பு தங்கி, தகடு தேய்ந்த இடங்களில் பச்சை பூக்கும். இதை வாங்குகிறவர்கள் சுருள் பகுதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நடுவில் எங்காவது இடைவெளி விட்டிருந்தால் கம்பி களைத்துவிட்டது என்று அர்த்தம். அதைச் சரிசெய்ய வழி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் செம்பூர் ஜிம்கானா பக்கம் நடக்கப் போகும்போது நான் போடுவது இதைத்தான்.

ஹெல்மெட்காரர்களுக்கு என்று கடவுள் படைத்தது பயனெட் கை. அமெரிக்கன் ஆப்டிகல் கம்பெனியின் பைலட் கண்ணாடி, 1958-இல் அமெரிக்க விமானப்படைக்காக வந்த எஃப்ஜி-58 வகை. 1969-இல் அப்பல்லோ 11 விண்வெளி வீரர்களோடு போனதும் இந்தக் கம்பெனியின் கண்ணாடிதான். ராண்டால்ஃப் என்ற இன்னொரு அமெரிக்கக் கம்பெனியும் இதே வடிவத்தை இன்றுவரை செய்கிறது. கை ஏறக்குறைய நேராக இருக்கும். காதுக்குப் பின்னால் கொக்கி கிடையாது. தலையின் இரு பக்கத்தையும் லேசாக அழுத்தி, அந்த அழுத்தத்தில் நிற்கிறது. விமானி ஹெல்மெட்டையும் ஹெட்போனையும் கழற்றாமலே உள்ளே செருகி வெளியே இழுக்க வேண்டும் என்பதற்காகவே இந்த நேர்க்கோடு.

சயன் சர்க்கிளில் சிக்னல் விழுந்து நிற்கும்போது, மேகம் மூடியதும் முன்பக்கத்தைப் பிடித்து நேராக இழுத்தால் போதும், வந்துவிடும். வெயில் வந்ததும் அதே வழியில் உள்ளே. காதில் சிக்காது, முடியை இழுக்காது. கை கம்பியளவு மெலிசு என்பதால் பக்கத்தில் வரும் மாநகர பெஸ்ட் பஸ்ஸையும் மறைக்காது. இதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது உயிர் விஷயம். அகலக் கை வைத்த கண்ணாடியோடு தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தால், ஆட்டோ ஒன்று முழுசாக மறைந்துபோகும்.

பயனெட்டுக்கு ஒரு குறை உண்டு. அளவு சரியாக அமைய வேண்டும். கையின் உட்புறத்தில் மூன்று எண்கள் இருக்கும்: லென்ஸின் அகலம், மூக்குப் பாலம், கையின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். கடைசி எண் 140 என்றிருந்தால் எனக்குப் பொருந்துகிறது. கொக்கி வைத்த கையில் ஐந்து மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் வளைத்துச் சமாளிக்கலாம். பயனெட்டில் அந்தச் சலுகை இல்லை. தலை ஒடுங்கியவர்களுக்குக் கீழே பார்த்ததும் மூக்கில் வழுக்கி இறங்கும்.

ரே-பானின் இன்னொரு மாடலான வேஃபேரரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ரேமண்ட் ஸ்டெகெமன் 1952-இல் வடிவமைத்தார். உலகத்திலேயே அதிகம் காப்பி அடிக்கப்பட்ட கண்ணாடிகளில் ஒன்று. மும்பை ஃபேஷன் ஸ்ட்ரீட்டில் கால் வைத்தால் பத்தடிக்கு ஒரு குவியல் கிடக்கும். பழைய அமெரிக்க வேஃபேரரின் கையில் பார்க்க வேண்டியது கீல். முன் ஃப்ரேமும் கையும் ஏழு வளையங்களாகப் பல்லோடு பல் கோத்து நிற்கும். அந்தக் கீலை ஃப்ரேமோடு பிடித்திருப்பவை ஆணிகள். வெளியே தெரியும் வெள்ளிப் பொட்டு அந்த ஆணியின் தலை. தெருச் சரக்கில் வெள்ளிப் பொட்டு வெறும் ஒட்டு வேலை. கீல் மூன்று வளையம், பிளாஸ்டிக்கில் உருக்கிப் பதித்தது. கையின் உட்புறத்தில் B&L RAY-BAN U.S.A. என்ற எழுத்து பழையதில் பதிந்திருக்கும். ரே-பான் 1999-இல் இத்தாலியின் லக்ஸாட்டிகா கம்பெனிக்குக் கைமாறிவிட்டது, ஆகவே இந்த எழுத்து இருந்தால் கண்ணாடி அதற்கு முந்தையது.

கீல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. கண்ணாடியைப் பக்கவாட்டில் நிறுத்திப் பிடித்து, மேல்பக்கம் வரும் கையைப் பாதி திறந்து விட்டுவிட வேண்டும். கை அங்கேயே நின்றால் நல்ல கீல். மெதுவாக இறங்கினால் திருகாணியைக் கொஞ்சம் முடுக்கினால் போதும். படக்கென்று விழுந்தால் வளையம் தேய்ந்துவிட்டது, விலையில் பாதியைக் குறைத்துக் கேளுங்கள். ரஜினி கூலிங் கிளாஸைச் சுழற்றி மாட்டுவதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். அந்தச் சுழற்றலில் கை கையோடு மோதி மூடிக்கொள்ளாமல் நிற்பதற்குக் கீலில் நல்ல இறுக்கம் இருந்தாக வேண்டும் என்பதை, வீட்டில் யாராவது முயன்று பார்த்திருந்தால் உடனே புரிந்திருக்கும்.

வேஃபேரரின் கை அசிடேட் என்ற கனமான பிளாஸ்டிக். சூடு காட்டினால் வளைந்து கொடுக்கும், ஆறினால் அப்படியே நிற்கும். தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் திருநெல்வேலிக்காரர் ஒருவர் கண்ணாடி ரிப்பேர் பார்க்கிறார். நான் கொண்டுபோகும் கண்ணாடிகளை அவரைத் தவிர வேறு யாரும் தொட விடுவதில்லை. சூடாக்கிய பொடி மணிகளுக்குள் கையின் நுனியை மட்டும் அழுத்தி எடுத்து, கட்டைவிரலால் ஒரே அழுத்து. அவ்வளவுதான். “தம்பி, அசிடேட்டு சொன்ன பேச்சு கேக்கும். அவசரப்பட்டா வெள்ளையா வெளுத்துப் போயிரும். பாத்துப் பண்ணணும்” என்பார். அந்த வெளுப்பு வந்தால் போகாது என்பது உண்மை. இன்னொரு பெரிய கடையில், பெயர் வேண்டாம், ஏசி போட்ட கடைதான், என்னுடைய ஆமை ஓட்டு நிற ஃப்ரேம் ஒன்றை ஹீட்டர் காற்றில் நேராகக் காட்டி, கையின் வளைவு முழுக்கக் கொப்புளம் வரச் செய்துவிட்டார்கள். பழைய அசிடேட்டைத் தெரிந்த ஆளிடம்தான் கொடுக்க வேண்டும்.

இப்போது பெர்சோல். நான் மனசார விரும்பும் கை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெர்சோல் இத்தாலியின் டூரின் நகரத்துச் சரக்கு. ஜூசெப்பே ராட்டி என்பவர் 1917-இல் தொடங்கியது. அதன் 649 மாடல் 1957-இல் வந்தது, டூரின் டிராம் ஓட்டுநர்களுக்காக. ஜன்னல் திறந்த டிராமில் தூசியும் காற்றும் கண்ணில் அடிக்கும், அதற்கு அகலமான மறைப்பு தேவைப்பட்டது. நாள் முழுக்கப் போட்டுக்கொண்டே வேலை செய்கிற ஆளுக்காகச் செய்த பொருள் என்பது கையைத் தொட்டதும் தெரிந்துவிடும். கையின் நடுவில் குறுக்காக வெட்டுகள் இருக்கும். பார்த்தால் அலங்காரம் போலத் தோன்றும். அங்கேதான் வேலையே இருக்கிறது. மெஃப்ளெக்டோ என்று அவர்கள் பெயர் வைத்திருக்கும் அமைப்பு அது: கைக்குள் எஃகுக் கம்பி ஓடுகிறது, வெட்டு உள்ள இடத்தில் சின்னச் சின்ன உருளைகள் அந்தக் கம்பியில் கோத்திருக்கின்றன. முதுகுத்தண்டு மாதிரி. வெளிப்பக்கமாக விரித்தால் அந்த இடத்தில் மட்டும் வளைந்து கொடுத்து, விட்டதும் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது.

இதனால் என்ன பயன் என்றால், ஒற்றைக் கையால் கழற்றும்போது கண்ணாடியின் ஒரு பக்கம் எப்போதும் வெளியே இழுபடும். மற்றக் கண்ணாடிகளில் அந்த இழுப்பு முழுவதும் கீலின் மேல் விழுகிறது. கொஞ்ச காலத்தில் ஒரு கை விரிந்து, கண்ணாடி முகத்தில் கோணலாக உட்காரும். பெர்சோலில் அந்த இழுப்பை வெட்டுப் பகுதி வாங்கிக்கொள்கிறது, கீலுக்குப் போவதே இல்லை. என்னுடைய 649-ஐ ஒற்றைக் கையால் கழற்றியே பழகியிருக்கிறேன். இன்றும் மேஜையில் மல்லாக்க வைத்தால் இரண்டு கைகளும் ஒரே மட்டத்தில் படிகின்றன. நெற்றிப்பொட்டில் எங்கேயும் குத்தாது. தலை பெரிய எங்கள் மாமா போட்டாலும் பொருந்துகிறது, ஒல்லியான நான் போட்டாலும் பொருந்துகிறது, ஒரே கண்ணாடி.

கீல் பக்கம் வெள்ளி அம்பு ஒன்று இருக்கும். பெர்சோலின் அடையாளம் அது. ஃப்ரேமின் முன்பக்கத்தில் பாய்ந்து கையின் மேல் முடிகிறது. போலிகளில் அம்பு வெறும் ஒட்டு வேலை. நிஜத்தில் கையை மடக்கும்போது அம்பு கீலோடு சேர்ந்தே பிரியும், திறந்தால் இரண்டு துண்டும் இடைவெளி தெரியாமல் சேரும். நகத்தால் தடவினால் மேடு தட்டக் கூடாது. கையின் உட்புறத்தில் ராட்டி என்ற பெயர் இருந்தால் சேர்ப்பவர்கள் இன்னும் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். பெர்சோல் 1995-இல் லக்ஸாட்டிகாவிடம் போவதற்கு முந்தைய டூரின் காலத்தை அந்தப் பெயர் காட்டுகிறது.

714 என்ற மடக்குக் கண்ணாடியும் பெர்சோலில் உண்டு. நடிகர் ஸ்டீவ் மெக்வீனால் புகழ்பெற்றது. மூக்குப் பாலத்தில் ஒரு மடிப்பு, ஒவ்வொரு கையின் நடுவிலும் ஒரு மடிப்பு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பார்க்கப் பிரமாதம். ஆனால் கையில் மடிப்பு கூடக் கூட தளர்வதற்கு இடமும் கூடும். தினசரிப் போட்டுக் கழற்ற 649-தான் மேல் என்பது என் முடிவு. பழைய 714 வாங்கினால் கையின் நடுக்கீலைத்தான் முதலில் ஆட்டிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கக் கம்பெனியான ஓக்லிக்கு வருவோம். பயனெட்டைத் தவிர மேலே சொன்னவர்கள் எல்லாரும் கையைக் காதுக்குக் கொண்டுபோய் மாட்டினார்கள் என்றால், ஓக்லி காதையே நம்பவில்லை. 1994-இல் வந்த ஐ ஜாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். கை உருண்டு ஓடி, காதுக்குப் பின்னால் வளையாமல் அப்படியே முடிந்துவிடும். மூக்கில் ஓரிடம், தலையின் இரு பக்கத்தில் இரண்டிடம், ஆக மூன்று இடத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். ஃப்ரேம் ஒருவகை நைலான். லேசு, உடையாது. ஆனால் தாராவி அண்ணாச்சியின் சூட்டு மணிகளுக்கு இது மசியாது. “இது ரப்பர் மாதிரி தம்பி, வளைச்சா வளையும், விட்டா பழையபடி ஆயிரும்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பொருந்தினால் பொருந்தியது, இல்லாவிட்டால் இல்லை.

ஓக்லியின் ஜூலியட் வேறு ரகம். 1999-இல் வந்தது. அதற்கு முன் 1997-இல் வந்த ரோமியோவோடு தொடங்கிய எக்ஸ் மெட்டல் வரிசையைச் சேர்ந்தது. டைட்டானியம் கலந்த உலோகத்தை வார்த்துச் செய்தது. கை ஒரு தனிச் சிற்பம். பக்கத்தில் நின்று பார்த்தால் தசைநார் ஓடுவது போன்ற மேடு பள்ளம், நடுவில் ஓக்லியின் நீள்வட்டச் சின்னம். காதுப் பகுதியில் அன்அப்டேனியம் என்ற ரப்பர் உறை. ஈரம் பட்டால் அதன் பிடி இறுகும் என்பதுதான் அந்த ரப்பரின் சிறப்பு. இதை நான் முழு மனசோடு ஒப்புக்கொள்கிறேன். மே மாசத்து மதியத்தில், மற்ற கண்ணாடிகள் மூக்கு நுனிக்கு இறங்கி நிற்கும் நேரத்தில், ஜூலியட் அசையாது. வியர்க்க வியர்க்க இன்னும் ஒட்டிக்கொள்ளும். மும்பைக்கென்றே செய்தார்களோ என்று தோன்றும்.

ஆனால் அந்த ரப்பரைக் கண்ணாடியின் நிரந்தரப் பகுதியாக நினைக்கக் கூடாது, தேய்ந்து மாற்ற வேண்டிய பாகம் என்றே நினைக்க வேண்டும். பழையதானால் ஊதி, தளர்ந்து, கையோடு சுற்றத் தொடங்கும். அல்லது கருங்கல் மாதிரி இறுகிவிடும். எக்ஸ் மெட்டல் உற்பத்தி 2012-ஓடு நின்றுவிட்டது. ஆகவே ஒரிஜினல் ரப்பர் கிடைத்தால் விலை பார்க்காமல் வாங்கி வைப்பது நல்லது. கை வார்ப்பு உலோகம் என்பதால் வளைக்கவே முயலக் கூடாது. ஆட்டம் வந்தால் கீலில் உள்ள ஊசிகளையும் மூக்குப் பாலத்தின் இறுக்கத்தையும்தான் சரிசெய்ய வேண்டும், அதற்கென்றே தெரிந்தவர்களிடம். எடையும் உண்டு, மதியத்துக்கு மேல் மூக்குத்தண்டு சொல்லும். ஓக்லி 2007-இல் லக்ஸாட்டிகாவிடம் போனது. ஆக இங்கே நான் ஒப்பிடும் ரே-பான், பெர்சோல், ஓக்லி மூன்றும் இன்று ஒரே கூரையின் கீழ். இருந்தும் கைகளில் அந்தந்த ஊரின் குணம் இன்னும் மறையவில்லை.

காஸல் பற்றி ஒரு வரி. ஜெர்மன் சரக்கு, அகலக் கை, உலோக வேலைப்பாடு. கையின் உட்புறத்தில் மேற்கு ஜெர்மனி என்று இருந்தால் 1990-க்கு முந்தையது. காட்சிக்கு அருமை; வண்டியில் போட வேண்டாம், அகலக் கை பக்கத்தை மறைக்கும் என்று மேலே சொன்னதுதான் காரணம்.

மழைக்காலத்தில் இவை அத்தனைக்கும் ஒரே எதிரி ஈரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அசிடேட் கையை மூடிய டப்பாவில் வைத்தால் வெள்ளைப் படலம் பூக்கும். கெட்டுப்போக ஆரம்பித்த அசிடேட் லேசாக வினிகர் வாசனை அடிக்கும். அந்த வாசனை வந்த கண்ணாடியை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வைக்க வேண்டும். மாத்திரை டப்பாக்களில் வரும் சிலிகா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து, ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியிலும் ஒன்று போடுகிறேன். கேபிள் கையையும் ரப்பர் உறையையும் வீட்டுக்கு வந்ததும் வெறும் தண்ணீரில் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி, விரித்தபடியே இரவு முழுக்கக் காயவிட வேண்டும். மடக்கி வைத்தால் ஈரம் கீலுக்குள் தங்கிவிடும். ஸ்பிரிட் வேண்டாம், அசிடேட்டை வெளுக்கவைக்கும்.

யாருக்கு எது என்று கேட்டால்: ஹெல்மெட் போடுகிறவர் பயனெட் வாங்கட்டும். நாள் முழுக்கப் போட்டுக் கழற்றுகிறவர், கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால், பெர்சோல் 649. வியர்வைதான் பிரச்சினை என்றால் ஓக்லி, ஆனால் ரப்பருக்குத் தனியாகப் பணம் எடுத்து வைத்துக்கொண்டு. கேபிள் கை ஆசைக்கு. வேஃபேரர் சூட்டுக்கு வளையும் என்பதால் எந்த முகத்துக்கும் சரிசெய்துகொள்ளலாம், முதல் கண்ணாடியாக வாங்க ஏற்றது.

சோர் பஜார் மட்டன் ஸ்ட்ரீட் பக்கம் போனால், முழுக் கண்ணாடியை மட்டும் கேட்காதீர்கள். ஒரு லென்ஸ் உடைந்தது, பாலம் முறிந்தது என்று ஒதுக்கிப் போட்டவை சாக்கின் அடியில் கிடக்கும். அவற்றில் கைகள் நல்லதாக இருந்தால் அப்படியே வாங்கிவிடுங்கள். அதே மாடல், இடதும் வலதும் தனித்தனி, உள்ளே உள்ள நீள எண் ஒன்றாக இருக்க வேண்டும். திருகாணியோடு சேர்த்தே எடுங்கள், பழைய கீலுக்குப் புதுத் திருகாணியின் மரை சரியாக விழாது.